மொரிஷியஸில் இருக்கும் சம்பளப் பணத்தை வேறொரு தீவு வங்கிக்கு மாற்றலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். 2016லிருந்து ஒன்பது வருடம் மொரிஷியஸில் ஒரு துணி ஆலையில் மெக்கானிக்காக இருந்தேன். போன மே மாதம் ஊருக்கே வந்துவிட்டேன், இனி திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்தது நம் காசுக்கு 24 லட்சம் அங்கே ஒரு வங்கியிலேயே இருக்கிறது. வட்டிக்கு அங்கே வரி எதுவும் பிடிக்கவில்லை, அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது சித்தூர் பக்கத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து போகிறார். வேறொரு சின்னத் தீவில் ஒரு இன்டர்நேஷனல் வங்கி இருக்கிறதாம், டாலர் டெபாசிட்டுக்கு 9 சதவீதம் தருமாம், தீவு என்பதால் இங்கேயும் அங்கேயும் வரியே கிடையாதாம். மொரிஷியஸ் பணத்தை அதற்கு மாற்றச் சொல்கிறார். அதோடு அப்பா பேரில் இருந்த தென்னந்தோப்பை விற்ற பங்கு 10 லட்சம் என்னிடம் இருக்கிறது, அதையும் அவர் கையில் ரொக்கமாகக் கொடுத்தால் அங்கே டாலராக ஏறிவிடுமாம். வீட்டுக்காரி வேண்டாம் என்கிறாள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள், அவள் படிப்புக்கு என்று இருப்பது இந்தப் பணம் மட்டும்தான். மொரிஷியஸ் கணக்கை வைத்துக்கொள்வதே தப்பா? அந்த டெபாசிட்டை நம்பலாமா?

பாலக்காடு ஆடிட்டர் ஆபீஸ்:

அண்ணா, முதலில் பயத்தை விடுங்கள், மொரிஷியஸ் கணக்கு தப்பே இல்லை. வெளிநாட்டில் குடியிருந்த காலத்தில் சம்பாதித்துச் சேர்த்ததை, ஊர் திரும்பிய பிறகும் அங்கேயே வைத்துக்கொள்ள ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் 6(4) பிரிவு இடம் கொடுக்கிறது. கொண்டுவர நினைத்தால் இங்கே வங்கியில் ஊர் திரும்பியவர்களுக்கான வெளிநாட்டு நாணயக் கணக்கு (ஆர்எஃப்சி) திறந்து டாலராகவே போட்டு வைக்கலாம். அப்புறம், இங்கே என்ஆர்ஈ கணக்கு, அதாவது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கணக்கு இருந்தால் ஊருக்கு வந்துவிட்டதாக வங்கிக்குச் சொல்லி மாற்றிவிடுங்கள், நிறையப் பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

வரி விஷயத்தில்தான் அந்த ஆள் உங்களைக் குழப்பியிருக்கிறார். தீவில் வரி இல்லை என்பது அந்தத் தீவின் சட்டம். நீங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருந்தால் உங்கள் வரியை முடிவு செய்வது இங்கே உள்ள சட்டம். அது உங்களுக்குக் கொஞ்ச நாளைக்குச் சாதகமாகவே இருக்கிறது. முந்தைய ஏழு வருடத்தில் இந்தியாவில் மொத்தம் 729 நாளுக்கு மேல் இல்லாதவர் "சாதாரணமாகக் குடியிருப்பவர் அல்லாத ரெசிடென்ட்" என்ற கணக்கில் வருவார். நீங்கள் லீவில் வந்துபோன நாட்களை பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கூட்டிப் பாருங்கள், அநேகமாக இரண்டு மூன்று வருடம் அந்த நிலை கிடைக்கும். அதுவரை அங்கே வரும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. அது முடிந்ததும் வட்டியை வருமானத்தில் சேர்க்க வேண்டும், ஐடிஆர் 2 என்ற வருமான வரிப் படிவத்தில், வெளிநாட்டுச் சொத்துக்கான எஃப்ஏ என்ற அட்டவணையில் அந்தக் கணக்கையும் எழுத வேண்டும். அந்த அட்டவணைக்கு ஏப்ரல் மார்ச் கணக்கு கிடையாது, டிசம்பர் 31ல் முடியும் வருடம்.

மறைத்தால் 2015ல் வந்த கறுப்புப் பணச் சட்டம். 30 சதவீத வரி, அதன் மேல் வரியைப் போல மூன்று மடங்கு அபராதம் என்று போகும், கணக்கைக் காட்டாததற்கு மட்டுமே 10 லட்சம் போடலாம். யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்காதீர்கள். கணக்கு விவரங்களை நாடுகள் தாங்களாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் இந்தியா 2017லும் மொரிஷியஸ் 2018லும் சேர்ந்துவிட்டன.

அந்த 10 லட்சம் ரொக்கம்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. வங்கி வழியாக ஒருவர் வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை சட்டப்படி அனுப்பலாம், படிவம் எழுதிக் கொடுத்தால் போதும். அப்படி இருக்கும்போது ஒருவர் கையில் கேட்கிறார் என்றால் அது குழல்பணம், அதாவது ஹவாலா. பணம் போனாலும் போலீசில் போய்ச் சொல்ல முடியாத நிலைக்கு உங்களைத் தள்ளிவிடும். கொடுக்காதீர்கள்.

போர்ட் லூயியில் இருந்தவன்:

நான் மொரிஷியஸில் வங்கித் துறையில் பதினோரு வருடம் இருந்தேன், இப்போது வாளையார் பக்கம். "தீவு வங்கி" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவது எனக்கு எப்போதும் வருத்தம். மொரிஷியஸில் 1989 வாக்கில் ஆஃப்ஷோர் வங்கிகள், அதாவது வெளிநாட்டுக்காரர்களின் பணத்தைக் கையாளும் வங்கிகள் தொடங்கின, உள்ளூர் வங்கிக்கு ஒரு உரிமம், ஆஃப்ஷோர் வங்கிக்கு வேறு உரிமம் என்று இருந்தது. 2004 வங்கிச் சட்டத்தில் அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள், இப்போது எல்லா வங்கிக்கும் ஒரே உரிமம்தான், எல்லாம் மத்திய வங்கியான பாங்க் ஆஃப் மொரிஷியஸின் கண்காணிப்பில். உரிமம் உள்ள வங்கிகளின் பட்டியல் அவர்கள் தளத்திலேயே இருக்கும், உங்கள் வங்கி பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகையில் அடிபடுகிற "மொரிஷியஸ் வழி" வேறு சங்கதி. 1982ல் இந்தியாவும் மொரிஷியஸும் போட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தை வைத்து, அங்கே ஒரு கம்பெனியைப் பதிந்து அதன் மூலம் இந்தியப் பங்குகளை வாங்கி விற்றால் லாபத்துக்கு இரண்டு பக்கமும் வரி இல்லாமல் இருந்தது. 2016ல் திருத்திவிட்டார்கள், 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கிய பங்குகளுக்கு இந்தியா வரி போடலாம். 2020ல், கறுப்புப் பணத்தைத் தடுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப் கூடுதலாகக் கண்காணிக்கும் நாடுகளின் சாம்பல் பட்டியலிலும் அந்த நாடு இருந்தது, 2021 அக்டோபரில் வெளியே வந்தது. சம்பளம் சேர்த்த தொழிலாளியின் சேமிப்புக் கணக்குக்கும் அந்தக் கம்பெனி விவகாரத்துக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் கூச்சப்படாமல் வைத்திருங்கள். முகவரி மாறியதையும் உங்கள் பான் எண்ணையும் மட்டும் வங்கிக்கு எழுதிக் கொடுங்கள்.

தமிழ் அச்சடித்த நோட்டை வைத்திருக்கும் நாடு என்பதால் எனக்கு அதன் மேல் பாசம் அதிகம். 1998ல் புது நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள், நம் ஆட்கள் எழுப்பிய எதிர்ப்பில் அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள்.

வேலந்தாவளம் வாத்தியார்:

9 சதவீதம் என்றதும் எனக்கு கரீபியத் தீவான ஆன்டிகுவா ஞாபகம் வந்துவிட்டது. 2008ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஹெலிகாப்டரில் வந்து இறங்கி, பெட்டி நிறைய டாலரைக் காட்டிய ஆலன் ஸ்டான்ஃபோர்டை கிரிக்கெட் பார்க்கிறவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவருக்கு அந்தத் தீவில் இரண்டு வங்கிகள். ஒன்று உள்ளூர் மக்களுக்கான பாங்க் ஆஃப் ஆன்டிகுவா. இன்னொன்று வெளிநாட்டுக்காரர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கும் ஸ்டான்ஃபோர்ட் இன்டர்நேஷனல் வங்கி, அமெரிக்க வங்கிகளை விட அதிக வட்டி தருவதாகச் சொல்லி சுமார் 700 கோடி டாலர் திரட்டியது.

2009 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. உள்ளூர் வங்கி வாசலில் கூட்டம் சேர்ந்தது, கிழக்குக் கரீபிய மத்திய வங்கி உடனே அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டு நடத்தியது. இன்டர்நேஷனல் வங்கியோ அந்த மத்திய வங்கியின் கீழ் இல்லை, ஆஃப்ஷோர் கம்பெனிகளுக்கென்று தீவு அரசு வைத்திருந்த தனி ஆணையத்தின் கீழ் இருந்தது. அந்த ஆணையத்தின் தலைவரே ஸ்டான்ஃபோர்டிடம் லஞ்சம் வாங்கியவர், பின்னால் அமெரிக்காவில் சிறைக்குப் போனார். ஸ்டான்ஃபோர்டுக்கு 2012ல் 110 வருடம் தண்டனை கொடுத்தார்கள், ஆனால் ஓய்வுக் காலப் பணத்தைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பெரும்பகுதி திரும்பவில்லை.

முதலாளி ஒருவர்தான், தீவும் ஒன்றுதான். யார் கண்காணித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். நவ்ரு இன்னும் மோசம், பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் தீவு, பாஸ்பேட் தீர்ந்துபோன காலத்தில் வங்கி உரிமத்தை விற்றுப் பிழைத்தது, ஏறக்குறைய 400 வங்கிகள் ஒரே தபால் பெட்டி முகவரியில் இருந்தன. அதனால் தம்பி, அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த வங்கிக்கு உரிமம் கொடுத்தது அந்த நாட்டின் மத்திய வங்கியா, வேறு ஏதாவது அலுவலகமா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

வாத்தியாரே, நேற்று சாயங்காலம் அப்படியே கேட்டேன். மத்திய வங்கி இல்லை, "இன்டர்நேஷனல் அதாரிட்டி" கொடுத்தது என்றார், காகிதத்தைக் காட்டச் சொன்னால் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று கிளம்பிவிட்டார், இந்த நேரம் வரை எதுவும் வரவில்லை. தோப்புப் பணத்தை இன்று காலையில் வீட்டுக்காரி பேரில் வங்கியில் போட்டுவிட்டோம். ஒரு கவலை மட்டும் பாக்கி. போன வாரமே பாஸ்போர்ட், பான் நகலில் கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்திருக்கிறேன்.

பாலக்காடு ஆடிட்டர் ஆபீஸ்:

நகலைத் திரும்ப வாங்குங்கள் அண்ணா, ஆனால் அதோடு விடாதீர்கள். வெற்றுப் படிவம் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். எந்தக் கணக்கும் திறக்க உங்களுக்குச் சம்மதம் இல்லை என்று அவருக்கு இன்றே எழுத்தில் அனுப்பி, அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள். மொரிஷியஸ் வங்கிக்கும் ஒரு மெயில் போடுங்கள், நீங்கள் நேரடியாகக் கேட்காமல் எந்தப் பணமாற்றமும் செய்யக் கூடாது என்று. திங்கட்கிழமை பாஸ்போர்ட்டோடு ஆபீசுக்கு வாருங்கள், அந்த 729 நாள் கணக்கையும் உட்கார்ந்து போட்டுவிடலாம்.