'மீ டூ' பரவியதற்குக் காரணம் இனமா, புகழா?

வாகைமரம்:
பாலியல் வன்முறைக்கு ஆளான கறுப்பினச் சிறுமிகளுக்கும் பெண்களுக்கும் துணைநிற்பதற்காக கறுப்பினச் செயற்பாட்டாளர் டரானா பர்க் 2006-இல் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 'மீ டூ' ('நானும்தான்') என்ற சொல்லைப் புழங்கத் தொடங்கினார். பதினோரு ஆண்டுகள் அது பெரும்பாலோர் காதில் விழவில்லை. 2017 அக்டோபர் 15 அன்று வெள்ளையின நடிகை அலிசா மிலானோ அதே சொல்லை ட்விட்டரில் எழுதியதும், முகநூலில் மட்டும் ஒரே நாளில் 47 லட்சம் பேர் அதையொட்டிப் பேசினார்கள். சொல் ஒன்றாக இருந்தும், சொன்னவரின் இனம் மாறியதும்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

தென்கரை:
மாறியது இனம் மட்டுமன்று. ஹாலிவுட் தயாரிப்பாளர் ஹார்வி வைன்ஸ்டீன் மீதான பாலியல் குற்றச்சாட்டுகளை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டு அப்போது பத்தே நாள்கள் ஆகியிருந்தன. மிலானோ பல்லாண்டுகளாகத் தொலைக்காட்சியில் அறியப்பட்ட முகம். ட்விட்டரோ 2006-இல்தான் பிறந்தது; பர்க் தொடங்கியபோது அது இந்த அளவுக்குப் பரவியிருக்கவில்லை. பர்க்கின் பணி தெரியவந்ததும் மிலானோ அதை வெளிப்படையாகவே குறிப்பிட்டார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வாகைமரம்:
புகழ்தான் காரணமென்றால், கறுப்பின நடிகை லெஸ்லி ஜோன்ஸும் புகழ்பெற்றவரே. 2016 ஜூலையில் இனவசை தாங்காமல் அவர் ட்விட்டரை விட்டு விலகியபோது எந்தப் புறக்கணிப்பும் நடக்கவில்லை. மறு ஆண்டு, வைன்ஸ்டீன் மீது குற்றம் சாட்டிய வெள்ளையின நடிகை ரோஸ் மெக்கோவனின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதும், ஓரிரு நாளிலேயே ட்விட்டரைப் பெண்கள் புறக்கணிக்க வேண்டும் என்ற அழைப்பு பரவியது. கறுப்பினப் பெண்கள் தாக்கப்பட்டபோது இந்த ஆதரவு எங்கே போயிற்று என்று கறுப்பினச் செயற்பாட்டாளர் ஏப்ரல் ரெய்ன் போன்றோர் அப்போதே கேட்டார்கள். எனக்கும் அந்தக் கேள்வி இன்றுவரை உறுத்துகிறது.

தென்கரை:
ஜோன்ஸுக்கு ஆதரவே இல்லை என்று தோன்றும்படி எழுதுவது நியாயமன்று. அவருக்காக ஒரு ஹேஷ்டேக் பரவலாக ஓடியது. அந்தத் தாக்குதலைத் தூண்டியதாகச் சொல்லப்பட்ட வலதுசாரி எழுத்தாளர் மைலோ யியானோபுலோஸின் கணக்கை ட்விட்டர் நிரந்தரமாக நீக்கியது.

வாகைமரம்:
ஒருவரை நீக்கியதால் நிலைமை மாறிவிடவில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 778 பெண் அரசியல்வாதிகளையும் பத்திரிகையாளர்களையும் குறிப்பிட்டு 2017-இல் எழுதப்பட்ட ட்வீட்டுகளை அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்தபோது, வசைக்கும் தொல்லைக்கும் இலக்காகும் வாய்ப்பு வெள்ளையினப் பெண்களைவிடக் கறுப்பினப் பெண்களுக்கு 84 சதவீதம் கூடுதலாக இருந்தது. மறுமொழிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு வசையும் வரவேற்பும் ஒன்றுபோலவே தோன்றும் என்பதால், ஒரு பெண்ணுக்கு எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்பதைக் கொண்டு அவர் குரல் மதிக்கப்பட்டதா என்று முடிவு செய்ய முடியாது.

தென்கரை:
வசையில் இனத்துக்குப் பங்குண்டு என்பதை இந்த எண் காட்டுகிறது. அதை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால், யாருடைய பேச்சுக்கு மக்கள் செவிசாய்க்கிறார்கள் என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. பர்க் வெள்ளையினப் பெண்ணாக இருந்திருந்தாலும், 2006-இல் மைஸ்பேஸில் எழுதிய அந்தச் சொல் உலகம் முழுவதும் போயிருக்கும் என்று என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.