பாஸ்பீன்: ஒளிப்புள்ளியா, ஒளிப்பொறியா?

அண்ணாச்சி, வணக்கம். வெளியே வெளிச்சம் இல்லாமலே கண்ணுக்குள் தெரியும் ஒளியை ஆங்கிலத்தில் பாஸ்பீன் (phosphene) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக நீங்கள் தந்த ‘ஒளிப்புள்ளி’யை நாகர்கோவிலில் எங்கள் கூட்டத்தில் வாசித்துப் பார்த்தோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கட்டுரைக்குள் வைத்ததும் தகராறு பண்ணுகிறது.

பார்வை இழந்தவரின் விழித்திரையில் பதிக்கும் கருவியைப் பற்றி எழுதினால் மூன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மூக்குக்கண்ணாடியில் பொருத்திய கேமரா எடுக்கும் படத்தில் இருப்பது படப்புள்ளி (pixel). விழித்திரைமேல் உட்கார்ந்து மின்சாரத்தால் அதைத் தூண்டுவது மின்முனை (electrode). அந்த முனை தூண்டியதும் பார்வை இழந்தவருக்குத் தோன்றும் வெளிச்சம்தான் பாஸ்பீன். அதையும் புள்ளி என்று சொன்னால், 60 மின்முனை உள்ள ஆர்கஸ் 2 என்ற விழித்திரைக் கருவி 60 புள்ளிகளில் அழகாகப் படம் காட்டும் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

நடப்பது வேறு. அந்தக் கருவி இருப்பது விழித்திரையின் உட்பரப்பில். பார்வை நரம்பை நோக்கி ஓடும் நரம்பிழைகளும் அங்கேதான் இருக்கின்றன. மின்முனை தன்னைக் கடந்து போகும் இழையையும் சேர்த்துத் தூண்டிவிடும். மூளைக்கு அது தெரியாது. இழை கிளம்பிய இடத்தில்தான் வெளிச்சம் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் கீற்றாகத் தெரியலாம், பிறையாகவும் தெரியலாம். பக்கத்துப் பக்கத்து முனைகளின் வெளிச்சம் ஒன்றோடொன்று கலந்துவிடுவதும் உண்டு. படத்தை 60 கட்டமாகச் சுருக்குவது பெரிய வேலையில்லை. எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதில்தான் பாடு. வெள்ளைச் சுவரில் இருண்ட வாசல் என்றால் எளிது. வடசேரி சந்தைக்குள் நுழைந்தாலோ, விளிம்பு தேடும் நிரல் வாழைக்குலை, கூடை, குடை, ஆள் என்று எல்லாவற்றுக்கும் கோடு போடும். ஒன்றும் விளங்காது.

பாஸ்பீனுக்கு நம் டீச்சர் சொன்ன ‘கண்மின்னல்’ எனக்கும் பிடித்தது. ஆனால் விழித்திரை பிரியும்போதும் கண்ணுக்குள் மின்னல் வெட்டும். உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறி அது. கருவி ஒழுங்காக வேலை செய்வதற்கு அந்தப் பெயர் வேண்டாம்.

என் பரிந்துரை ‘ஒளிப்பொறி’. கண்ணில் அடி விழுந்தால் பொறி பறந்தது என்கிறோமே, அதுவும் பாஸ்பீன்தான். வெளியே வெளிச்சம் இல்லாமலே உள்ளே தெரிவது. புள்ளிபோல வட்டமாக இருக்க வேண்டிய கட்டாயமும் பொறிக்கு இல்லை.

பொறி என்றால் இயந்திரம், எலிப்பொறி, ஐம்பொறி என்று குழம்பாதா என்று மார்த்தாண்டத்து நண்பர் கேட்டிருந்தார். தீப்பொறியை யாரும் இயந்திரம் என்று நினைப்பதில்லையே. ‘கண்பொறி’ என்று வைத்தால்தான் வம்பு, அது கண்ணையே குறித்துவிடும்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘ஒவ்வொருவருக்கும் ஒளிப்பொறி வரைபடம் தனியாக எடுத்து, அதற்கேற்பத் தூண்டலை மாற்ற வேண்டும்.’ எந்த முனை தூண்டினால் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்பதுதான் அந்த வரைபடம். இடறவில்லை. பிரைமா என்ற இன்னொரு விழித்திரைக் கருவியில் ஒளியை மின்தூண்டலாக மாற்றும் 378 சிறு கட்டங்களைப் பற்றி எழுதும்போதும் இது ஒத்துவருகிறது.

மறுப்பு இருந்தால் வாக்கியத்தோடு எழுதுங்கள், வெறும் சொல்லாக வேண்டாம். அப்புறம், மின்முனைக்கு வேதியியல் புத்தகத்தில் ‘மின்வாய்’ என்று இருப்பதை இங்கேயும் எடுத்துக்கொள்ளலாமா என்பதைத் தனி மடலில் பேசுவோம்.