டேனா 60 கிங்பின் ஆக்ஸிலுக்கு ஸ்டியரிங் ஆர்ம்: ஒரு பக்கம் போதுமா, இரண்டு பக்கமுமா?

பாலைவனப்பல்லி எழுதியது:

வணக்கம் மக்களே. அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கிறேன். கையில் இருப்பது 1984 செவி கே20 பிக்கப். முன்னால் இருந்த 10 போல்ட் ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு, பழைய கே30 ஒன்றிலிருந்து வந்த டேனா 60 ஆக்ஸிலை மாட்டியிருக்கிறேன்; சக்கரம் கிங்பின் என்ற முளையில் திரும்பும் வகை. லீஃப் ஸ்பிரிங், 4 அங்குல லிஃப்ட் (வண்டியை உயர்த்தியது), 37 அங்குல டயர்.

பிரச்சினை ஸ்டியரிங்கில்தான். கம்பெனி அமைப்பில் பிட்மன் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து நீளும் கை) முன்னும் பின்னும் ஆடி, டிராக் லிங்க் என்ற கம்பி வழியாக இடது நக்கிள் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) மேல் இருக்கும் ஆர்மைத் தள்ளுகிறது. லிஃப்ட் போட்ட பிறகு அந்த டிராக் லிங்க் செங்குத்தாக நிற்காத குறைதான். இடது சக்கரம் ஒரு பாறை மேல் ஏறினால் போதும், ஸ்டியரிங் வீல் நான் சொல்லாமலே திரும்புகிறது. ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கினாலும் அதே கதை. இது போதாதென்று, ஆக்ஸிலுக்கு முன்னால் தாழ்ந்து கிடக்கும் டை ராட் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) போன மாதம் கல்லில் இடித்து வாழைக்காய் மாதிரி வளைந்துவிட்டது. பாறையிலேயே ஜாக்கியும் சங்கிலியும் வைத்து ஓரளவு நிமிர்த்தி வீடு வந்து சேர்ந்தேன்.

கிராஸ்ஓவர் ஸ்டியரிங்குக்கு (டிராக் லிங்க் குறுக்கே போய் வலது நக்கிளைத் தள்ளும் அமைப்பு) மாறலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆர்ம் வாங்கப் போனால் தலை சுற்றுகிறது. வார்ப்பு, ஃபோர்ஜிங், தடித்த பிளேட்டில் வெட்டியது என்று மூன்று வகை. ஒன்றேகால் அங்குலத் தடிமன், ஒன்றரை அங்குலம். ஒரு துளை, இரண்டு துளை. டேப்பர் (கூம்பு) துளை, நேர்த்துளை. விலையில் ஒன்றுக்கு மூன்று வித்தியாசம். வலது பக்கம் மட்டும் வாங்கினால் போதுமா, இல்லை இரண்டும் வாங்கி டை ராடையும் ஸ்பிரிங்குக்கு மேலே தூக்கிவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

டெக்சாஸ்_பெரியப்பா எழுதியது:

தம்பி, ஆர்ம் கடைக்குப் போகும் முன்னால் ஒரு வேலை. முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து நக்கிளைப் பார்க்கச் சொல்லுங்கள். வீல் பேரிங்கில் ஆடுகிறதா, கிங்பின்னில் ஆடுகிறதா என்று பிரித்துத் தெரிய வேண்டும். இந்த ஆக்ஸிலில் கீழே டேப்பர் ரோலர் பேரிங், மேலே கூம்பு வடிவ கிங்பின், அதன் மேல் ஒரு புஷ் (உறை வளையம்), அதை அழுத்திக்கொண்டு ஒரு ஸ்பிரிங், எல்லாவற்றுக்கும் மேலே நாலு போல்ட் போட்ட மூடி. நீங்கள் வாங்கப்போகும் ஆர்ம் அந்த மூடியின் இடத்தில்தான் உட்காரப் போகிறது. புஷ் தேய்ந்திருந்தால் எவ்வளவு உயர்ந்த ஆர்ம் போட்டாலும் 45 மைலில் வண்டி முழுக்கக் கைகால் உதறும்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கிராஸ்ஓவருக்குக் கட்டாயமாக வேண்டியது வலது பக்க ஆர்ம் ஒன்றுதான். பிட்மன் முன்-பின் ஆடாமல் இடம்-வலம் ஆட வேண்டும் என்பதால் டூ வீல் டிரைவ் செவியின் ஸ்டியரிங் பாக்ஸும் அதற்கான பிட்மனும் வேண்டும். இடது பக்கம் இருக்கும் பழைய ஆர்மைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள், அதுதான் அந்தப் பக்கத்து ஸ்பிரிங்கை மூடி வைத்திருக்கிறது. ஒன்று அதை அப்படியே விடுங்கள், அல்லது ஒரு மூடி வாங்கிப் போடுங்கள். டேனா 44 என்றால் வலது நக்கிளைத் தட்டையாக மில்லிங் செய்து துளை போட்டு ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) ஏற்றும் வேலை இருந்திருக்கும். உங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை, நாலு துளையும் தயாராக இருக்கிறது.

இன்னொன்று. 73 முதல் 87 வரை வந்த அந்த பிக்கப்புகளில் ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில் சேஸிஸ் விரிசல் விடும். பெரிய டயர் போட்டவன் எவனுக்கும் இது புதிதல்ல. பாக்ஸைக் கழற்றும் நாளில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து நன்றாகப் பாருங்கள், பார்த்ததோடு விடாமல் பிரேஸும் போட்டுவிடுங்கள். ஆர்ம் செலவில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, இதில் பிடிக்காதீர்கள்.

ஈப்போ_ஜிம்னி எழுதியது:

அண்ணே, நான் மலேசியா. என்னுடையது சின்ன வண்டி, எஸ்ஜே410 ஜிம்னி, ஆனால் பாடம் ஒன்றுதான். இதிலும் கிங்பின் மேல் மூடியை எடுத்துவிட்டு உயர ஆர்ம் போடுவோம். நான் இணையத்தில் மலிவாக ஒரு ஜோடி வாங்கினேன், கடைப் பெயர் வேண்டாம். பளபளவென்று பெயிண்ட். மாட்டினேன், ஓட்டினேன், இரண்டு மாதம் ஒன்றும் இல்லை. செம்பனைத் தோட்டத்து மண் ரோட்டில் மழைக்குப் பிறகு இறங்கும்போது வலது பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம், ஸ்டியரிங் இந்தப் பக்கம், சக்கரம் அந்தப் பக்கம். வேகம் இல்லாததால் வாய்க்காலில் போய் நின்றேன்.

கழற்றிப் பார்த்தால் ஆர்ம் முழுசாக இருக்கிறது! உடைந்தது ஸ்டட். ஆர்மின் அடிப்பரப்பில் பெயிண்டைச் சுரண்டாமல் மாட்டியிருக்கிறேன். பெயிண்ட் நசுங்க நசுங்க நட்டு தளர்ந்து, ஆர்ம் மயிரிழை அளவு நகர்ந்து நகர்ந்து ஸ்டட்டை அறுத்துவிட்டது. தடிமன் தடிமன் என்று எல்லாரும் ஆர்மைப் பார்க்கிறோம், ஆர்மைப் பிடித்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை. இப்போது ஒவ்வொரு டிரிப்புக்கும் முன்னால் டார்க் ரெஞ்சோடுதான் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) வண்டியைச் சுற்றி வருகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

பேட்டை_லேத் எழுதியது:

நான் வண்டிக்காரன் இல்லை, கோயம்புத்தூரில் லேத்துக்காரன். ஈப்போ நண்பர் சொன்னதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இந்த மாதிரி இணைப்பில் பாரத்தைத் தாங்க வேண்டியது ஸ்டட்டின் உடம்பு இல்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் கொஞ்சம் நீளும், அந்த இழுப்பு ஆர்மையும் நக்கிளையும் ஒன்றோடொன்று அழுத்தும், அந்த அழுத்தத்தில் வரும் உராய்வுதான் ஆர்மை நகரவிடாமல் பிடிக்க வேண்டும். பரப்பு தட்டையாகவும் சுத்தமாகவும் இருந்தால்தான் அது நடக்கும். பெயிண்ட், பவுடர் கோட்டிங், துரு, பிசிறு எதுவும் இடையில் கூடாது. பென்சில் மார்க் போட்டு, நீல மை தடவி உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள், எங்கே ஒட்டுகிறது எங்கே ஒட்டவில்லை என்று தெரிந்துவிடும்.

ஸ்டட் கிரேடு 8, அதாவது நம் ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 10.9. வார்ப்புக்குள் போகும் மரை ஸ்டட் விட்டத்தில் ஒன்றரை மடங்காவது உள்ளே போக வேண்டும். உள்ளே போகும் பக்கம் தடித்த மரை, நட்டு பக்கம் நுண்மரை இருந்தால் நல்லது. பழைய துளையில் மரை தேய்ந்திருந்தால் ஒரு அளவு பெரிதாக டேப் போட்டு ஏற்றுங்கள், பசையை நம்ப வேண்டாம்.

பொருள் என்று கேட்டால் என் வரிசை: நல்ல ஃபோர்ஜிங், அதற்கடுத்து 4140 மாதிரி அலாய் ஸ்டீல் கட்டையில் மில்லிங் செய்தது (இங்கே இஎன்19 என்போம்), அப்புறம் பெயர் தெரிந்த ஆளின் வார்ப்பு. சாதாரண மைல்ட் ஸ்டீல் பிளேட்டும் மோசமில்லை, தடிமனாக இருந்தால். அது உடையும் முன் வளையும், வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். எந்த வகையாக இருந்தாலும் உள்மூலைகளைப் பாருங்கள். கத்தி போட்டு வெட்டியது மாதிரி கூர்மையான மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். விரல் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும் வளைவு வேண்டும். வெல்டிங் போட்டு நீட்டிய ஆர்மை யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

துளை விஷயம் எளிய கணக்கு. சக்கரத்தைத் திருப்ப கிங்பின்னில் 1000 அடி-பவுண்டு முறுக்கு வேண்டும் என்று சும்மா வைத்துக்கொள்ளுங்கள். துளை 6 அங்குலத்தில் இருந்தால் டிராக் லிங்க்கில் 2000 பவுண்டு இழுக்க வேண்டும், 7½ அங்குலத்தில் இருந்தால் 1600 போதும். ஆனால் நீளமான துளையில் அதே பிட்மன் ஆட்டத்துக்குச் சக்கரம் குறைவாகத் திரும்பும். நக்கிளில் இருக்கும் ஸ்டாப் போல்ட் வரை போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கிலிமாடன் எழுதியது:

எதற்கு இவ்வளவு யோசனை. இரண்டு ஆர்மும் வாங்கு, நேர்த்துளை, எல்லா இடத்திலும் ஹெய்ம் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), டை ராட் மேலே. நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். கல்லைப் பற்றிய கவலையே கிடையாது.

டெக்சாஸ்_பெரியப்பா எழுதியது:

மாடா, உன் வண்டி டிரெய்லரில் ஏறிப் பாறைக்குப் போய் டிரெய்லரில் ஏறி வீட்டுக்கு வருகிறது. பல்லி தம்பி ரோட்டில் ஓட்டிப் போய் ஓட்டி வருகிறவர். ஹெய்முக்கு ஆட்டக் கோணம் அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரப்பர் மூடி இல்லை. அரிசோனா மணல் உள்ளே போனால் ஒரு சீசனில் கடகடவென்று ஆடத் தொடங்கும். ஒரு டன் செவியின் டை ராட் எண்ட் எந்த ஊர்ப் பாகங்கள் கடையிலும் கிடைக்கும், கிரீஸ் அடிக்கலாம், ஞாயிற்றுக்கிழமைகூட வாங்கலாம். அதற்கு அடிக்கு ஒன்றரை அங்குல டேப்பர். வாங்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து டேப்பர் போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். டிராக் லிங்க் ஆர்முக்கு மேலே உட்கார்ந்தால் கோணம் இன்னும் படுக்கும், கீழே உட்கார்ந்தால் ஸ்பிரிங் பட்டையில் இடிக்கலாம். தவறான பக்கம் என்றால் மறுபடி ரீமர், மறுபடி செலவு.

டை ராடை மேலே தூக்குவதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, கடைக்காரன் சொல்ல மாட்டான். டை ராட் ஆக்ஸிலுக்கு முன்னால் இருந்தால் அதன் முனைகள் கிங்பின் கோட்டுக்கு வெளியே, டயர் பக்கமாகத் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கத்தைவிட அதிகமாகத் திரும்பும். அதைத்தான் ஆக்கர்மன் என்கிறோம். மேல் ஆர்மில் வெளியே தள்ளிப் போட ரிம் விடாது. உள்ளே இழுத்துப் போட்டால் பார்க்கிங்கில் முழுக்க ஒடிக்கும்போது டயர் கீச்சென்று தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். பாறையில் ஒன்றும் தெரியாது, தார் ரோட்டில் தெரியும்.

4 அங்குல லிஃப்டில் மேலே இடம் இருக்குமா என்பதும் சந்தேகம். பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே வந்து முட்டும் தடுப்பு) வரை ஆக்ஸிலை ஏற்றி அளந்து பாருங்கள். அளக்காமல் வாங்காதீர்கள்.

பாலைவனப்பல்லி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை முழுக்க கராஜில்தான். ப்ளைவுட்டில் ஆர்ம் மாதிரி வெட்டி, வலது நக்கிள் மேல் நாலு போல்டில் பிடித்து, பழைய பிவிசி பைப்பை டிராக் லிங்க்காக வைத்துப் பார்த்தேன். பிட்மன் முனைக்கும் ஆர்ம் துளைக்கும் குறுக்கே 34 அங்குலம், உயர வித்தியாசம் 4 அங்குலம். ஏழு டிகிரிகூட இல்லை. ஆக்ஸில் 4 அங்குலம் மேலே வந்தால் பைப் ஆர்மைத் தள்ளும் தூரம் கால் அங்குலம்தான். இப்போதிருக்கும் ஸ்டியரிங்கோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம்.

டை ராட் மேலே போகாது. இடது பக்கம் சேஸிஸுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில், முழுக்க அமுங்கிய நிலையில், என் இரண்டு விரல்கூட நுழையவில்லை. வெளித்துளை வைத்துப் பார்த்தால் ப்ளைவுட் முனை ரிம்மில் உரசியது. ஆகவே வலது பக்கம் ஒன்று மட்டும், மில்லிங் செய்தது, மேலிருந்து டேப்பர், 6½ அங்குலத் துளை. டை ராட் பழைய இடத்திலேயே, தடித்த குழாயில்.

பேட்டை_லேத் எழுதியது:

நல்ல முடிவு. ஆர்ம் அடியில் அந்த ஸ்பிரிங்குக்குக் குழி வெட்டியிருக்கிறார்களா, பழைய மூடியில் இருக்கும் ஆழம்தானா என்று வந்ததும் டெப்த் கேஜ் வைத்துப் பாருங்கள். ஆழம் கூடினால் புஷ் மேல் அழுத்தம் குறைந்துவிடும்.

டெக்சாஸ்_பெரியப்பா எழுதியது:

மூடியைக் கழற்றும்போது ஒரே போல்டை முழுசாக எடுக்காதீர்கள், நாலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே ஸ்பிரிங் உந்திக்கொண்டிருக்கும். மாட்டிய பிறகு முதல் 50 மைலில் ஒருமுறை, முதல் டிரிப் முடிந்து ஒருமுறை டார்க் பாருங்கள். அது இருக்கட்டும், முதலில் சொன்ன ஆட்டத்தைப் பார்த்தீர்களா?

பாலைவனப்பல்லி எழுதியது:

கேட்டுவிட்டீர்களே பெரியப்பா. ப்ளைவுட் மாட்டத்தான் வலது மூடியைத் திறந்தேன். மேல் புஷ் ஊறிய பிஸ்கட் மாதிரி கையோடு உதிர்ந்து வந்துவிட்டது. இடது பக்கமும் ஆடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் கிங்பின் கிட் ஆர்டர் போட்டாயிற்று. ஆர்ம் அடுத்த மாதச் சம்பளத்தில்.