நீடாமங்கலம் கேட்டில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது (2001 மாருதி 800)

வெண்ணாற்றங்கரை:

வண்டி 2001 மாருதி 800, எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கிற எஞ்சின்), ஏசி வைத்தது. அப்பா புதிதாக எடுத்தது. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. அம்மாவுக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாது, ஆனால் வண்டியை விற்கிற பேச்சை எடுத்தால் அன்றைக்கு வீட்டில் உலை ஏறாது. அதனால் "வித்துடுங்க சார்" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து அடுத்த கேள்விக்குப் போய்விடவும்.

மாதம் ஒரு தடவை கொரடாச்சேரிப் பக்கத்திலிருந்து தஞ்சாவூருக்கு, அம்மாவின் கண் டாக்டரிடம் போகிறோம். வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: கேட் போட்டால் டீ குடித்து, பேப்பர் படித்து, பக்கத்து வண்டிக்காரர் பெண்ணுக்கு வரனே பார்த்துவிடலாம். தை பிறந்ததிலிருந்து இரண்டு தடவை அங்கே நின்றபோது முள் பாதியைத் தாண்டிச் சிவப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. இரண்டாம் தடவை பானெட் ஓரத்தில் ஆவியே வந்தது. எஞ்சினை அணைத்து, ஆறவிட்டு, டீக்கடை டிரம்மிலிருந்து ரிசர்வ் டப்பாவில் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் ஓட ஆரம்பித்ததும் அம்மாப்பேட்டை வருவதற்குள் முள் தானாகவே இறங்கிவிட்டது.

ஒரு பட்டறையில் காட்டினேன். பானெட்டைத் திறக்காமலே, "ரேடியேட்டர் போச்சு, ஹெட் கேஸ்கட்டும் போயிருக்கும், பதினாலாயிரம் எடுத்து வையுங்க" என்றார்கள். ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கிற தகடு) போனால் தண்ணீர் ஆயிலில் கலக்கும் என்று ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன், ஆயில் மோர் மாதிரி வெளுக்கவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. ஆயில் மாற்றுவது, பிளக் சுத்தம் செய்வது எல்லாம் நானேதான். அப்பாவின் பிஸ்கட் டின் நிறைய ஸ்பேனர், கரன்ட் வருகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் லேம்ப் இருக்கின்றன. பள்ளி வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைதான் நேரம். எங்கே தொடங்குவது?

பழைய லாரிக்காரன்:

தம்பி, நின்றால் ஏறுது, ஓடினால் இறங்குது என்று அந்தப் பட்டறையில் சொன்னீர்களா? சொல்லியும் கேஸ்கட் என்றார்கள் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் துணை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருந்தாலும், தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற வால்வு) ஒட்டிக்கொண்டாலும் 70, 80-ல் போகும்போதே முள் ஏறியிருக்கும். ஆக, முதல் சந்தேகம் ஃபேன், இரண்டாவது சந்தேகம் காற்று போகிற வழி.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஃபேன் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் போட்ட இரண்டு ஒயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுங்கள். கையும் சட்டை முனையும் தள்ளியே இருக்கட்டும். சுற்றினால் மோட்டார் நல்லது. அடுத்தது ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்குத் தானாகக் கரன்ட் போடுகிற சுவிட்ச்). எஞ்சின் சூடானதும் ரிலே "டிக்" என்று சொல்லியும் கனெக்டரில் டெஸ்ட் லேம்ப் எரியவில்லை என்றால், நடுவில் ஒயர் போயிருக்கலாம்.

அப்புறம் கிரில்லைக் கழற்றி ஏசி கண்டன்சருக்கும் (ரேடியேட்டருக்கு முன்னால் அதே மாதிரி இருக்கிற ஏசி பாகம்) ரேடியேட்டருக்கும் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். இது தை மாதம். நம் ரோடெல்லாம் களம். போகிற வருகிற வண்டி மிதித்துக் கொடுக்கிற நெல்லில் வைக்கோல் தூசும் பதரும் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? சுத்தம் செய்யும்போது வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஃபின் என்கிற மெல்லிய தகடெல்லாம் அப்பளமாக மடங்கிவிடும். தோட்டத்துக் குழாய் போதும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும்.

டீக்கடைத் தண்ணீரை மன்னிக்கலாம், அவசரம். அதையே பழக்கமாக்க வேண்டாம். போர் தண்ணீரின் உப்பு உள்ளே சுண்ணாம்பாகப் படியும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. கலந்தே விற்கிற கேன் என்றால் அப்படியே ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வேண்டாம். என் இடது முழங்கையில் 1994-லிருந்து ஒரு தழும்பு இருக்கிறது.

கடலோரத்து மருமகள்:

சார், எங்கள் வீடு வேதாரண்யம் பக்கம். அறுப்பு முடிந்து வயல் காலியானதும் எலியெல்லாம் வீட்டுக்கும் வண்டிக்கும் குடிவந்துவிடும். போன வருடம் எங்கள் வண்டியில் ஹெட்லைட் ஒயரைக் கடித்தது. இங்கே புகையிலைக்குப் பஞ்சமில்லை, துணியில் முடிந்து பானெட்டுக்குள் தொங்கவிட்டோம். நாலு நாள் எலி மரியாதை கொடுத்தது. அப்புறம் பழகிவிட்டது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை பானெட்டைத் திறந்து பார்ப்பதுதான் மருந்து.

இன்னொன்று, ரோட்டில் காயும் வைக்கோல் மேல் ஏற்றினால், இறங்கிக் குனிந்து வண்டிக்கு அடியில் பாருங்கள். சூடான சைலன்சரில் சுற்றிக்கொண்டு தீப்பிடித்துவிடும்.

புது வண்டி பிரியன்:

விற்கச் சொல்லவில்லை சார், கணக்கு மட்டும் சொல்கிறேன். 2001 வண்டிக்கு 15 வருடப் பதிவு 2016-ல் முடிந்தது, ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்தால் 2026-ல் மறுபடி எஃப்சி (தகுதிச் சான்று). 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். அதற்கு மேல் பசுமை வரி.

வெண்ணாற்றங்கரை:

கணக்கு அம்மாவுக்கும் சொல்லப்பட்டது. "உங்கப்பாவுக்குத் திவசம் பண்ணக் கணக்கு பார்க்கிறியா?" என்று கேட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிறு காலை. மகன் டார்ச் பிடித்தான். பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்ததும் ஃபேன் சுற்றியது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. எஞ்சினைச் சூடாக்கினால் ரிலே "டிக்" என்கிறது, லேம்ப் எரியவில்லை. லாரிக்கார அண்ணன் சொன்ன மாதிரியே நடுவில்தான் கோளாறு. ஒயர் கட்டைத் தடவிக்கொண்டே போனால் பேட்டரி தட்டுக்குக் கீழே வைக்கோல், கோணிச்சாக்கு நார், என் மகனின் காணாமல் போன ஒரு சாக்ஸ், எல்லாம் சேர்த்து ஒரு மாளிகை. குடியிருந்தவர் இல்லை. ஃபேன் ஒயர் ஒரு விரல் நீளத்துக்கு வெறும் செம்பு, ஒரு இடத்தில் அதுவும் அறுந்திருந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, அதே கனத்தில் புது ஒயர் ஒட்டுப்போட்டு, சால்டர் வைத்து, ஸ்லீவ் மாட்டினேன்.

அப்புறம் கிரில். கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலிருந்து அரை மரக்கால் பதராவது வந்திருக்கும். பழைய டூத் பிரஷ், தோட்டத்துக் குழாய், இரண்டு மணி நேரம். அம்மா வந்து பார்த்து, அதில் நாலு முழு நெல்லைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, "இது நம்ம வயல் நெல் இல்லடா, பொன்னி" என்றார். எந்த ஊர் ரோட்டில் அள்ளிக்கொண்டு வந்தேனோ.

கூலன்டையும் மாற்றிவிட்டேன். பழையது காவிரியில் புதுத் தண்ணி வரும்போது இருக்கிற நிறத்தில் இறங்கியது. நல்ல தண்ணீர் விட்டு மூன்று தடவை அலசி, புதியது ஊற்றி, மூடி போடாமல் ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடேறி, குமிழ் நின்ற பிறகு நிரப்பி மூடினேன். ஹோஸ் கிளிப் இரண்டு புதிது. மொத்தச் செலவு 860 ரூபாய்.

சோதனைக்கு நீடாமங்கலம் போனேன். கேட் திறந்திருந்தது! என் வாழ்நாளில் வேண்டிக்கொண்டு மூடச் சொன்னது அன்றைக்குத்தான். டீக்கடையில் இரண்டு டீ ஆன பிறகு மூடினார்கள். வரிசையில் போய் நின்றேன். 25 நிமிடம். முள் பாதிக்குப் போனதும் ஃபேன் ஓடியது, கொஞ்சம் இறங்கியது, நின்றது, மறுபடி ஓடியது. சிவப்புப் பக்கமே போகவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். ஃபேன் ஓட ஆரம்பிக்கும்போது ஹெட்லைட் லேசாக மங்குகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்கிற டைனமோவைப் பார்க்க வேண்டுமா?

பழைய லாரிக்காரன்:

கண் சிமிட்டுகிற நேரம் மங்கித் தெளிந்தால் ஒன்றுமில்லை தம்பி. மங்கியே நின்றால் முதலில் பேட்டரி டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருக்கிறதா பாருங்கள். கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்து எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். 13.5-க்கு மேல் இருந்தால் டைனமோவைத் தொடாதீர்கள்.