தோண்டாம மண்ணுக்குள்ள என்ன கிடக்கெண்டு பார்க்க ஏலுமா?

மூதூர்ப் பொடியன்:
வணக்கம். மூதூர்ப் பக்கம் எங்கட மாமாக்கு ஒரு மேட்டுக்காணி இருக்கு, கச்சான் போடுறது, மழை பெய்ஞ்சா பானை ஓடு மேல வரும், உள்பக்கம் கறுப்பு வெளிப்பக்கம் சிவப்பு. போன கிழமை எடுத்தது ஓடும் இல்ல, வெந்த களிமண் கட்டி ஒண்டு, கழுவிப் பார்த்தா ஒரு பக்கம் விரல் மொத்தத்துல தடி அழுத்தின ரெண்டு பள்ளம் பக்கத்துல பக்கத்துல ஓடுது. மாமா நிலத்தை மட்டப்படுத்த பெக்கோவுக்குச் சொல்லிட்டார். தோண்டாமப் பார்க்கிற மெஷின் இருக்காமே, அது எப்பிடி வேலை செய்யும்?

கொட்டியாரக் கரை:
தம்பி அந்தக் கட்டியைப் பத்திரமா வையுங்க! வரிச்சுத் தடி கட்டி மண் அப்பின சுவர் நெருப்புல வெந்தாத்தான் அப்பிடித் தடம் நிக்கும். நான் முந்தி ஒரு ஆய்வுக் குழுவோட கயிறு பிடிக்கப் போனனான், மக்னற்றோமீற்றர் எண்டு காந்தத்தை அளக்கிற மெஷின் ஒண்டைத் தூக்கிக்கொண்டு உழுற மாதிரி போய்த் திரும்பி வரணும், பெல்ட், போன், திறப்பு எல்லாம் கழட்டி வைக்கணும். மண்ணுல இருக்கிற இரும்புச் சத்து நல்லா வெந்து ஆறேக்க பூமியின்ர காந்தத்தைப் பிடிச்சு வைச்சிடும், எத்தனை ஆயிரம் வருஷம் போனாலும் அடுப்பு, சூளை, எரிஞ்ச வீடு தனியாத் தெரியும். உக்ரைன்ல மைதானெட்ஸ்கே எண்ட இடத்துல 1970கள்லயே இப்பிடி அளந்துதான் 5000 வருஷத்துக்கு மேல பழைய வீடுகள் வட்டம் வட்டமா நிண்ட ஊரைக் கண்டவங்க. ஒரு பானை கிடைச்சா பானைதான், ஊர் எப்பிடி இருந்ததெண்டு இப்பிடி அளந்து வரையிற படம்தான் சொல்லும்.

தம்பலகாமம்:
அண்ணா சொல்றது சரி, ஆனா முள்ளுக்கம்பி வேலி, தகரத் துண்டு, பழைய ஆணி கிட்டக் கிடந்தா படம் கெட்டுப்போகும். நாங்க காந்த நடுக்கோட்டுக்கு, அதாவது பூமியின்ர காந்தம் கிடையா ஓடுற கோட்டுக்குக் கிட்ட இருக்கிறதால பொருளுக்கு நேர மேல அளவு கூடாம குறையும், வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துப் பழகினவங்க இஞ்ச குழம்பிடுவாங்க. மண்ணுக்குள்ள ரேடியோ அலை விட்டுப் பார்க்கிற ரேடார் எண்டா காய்ஞ்ச மணலுக்கு நல்லம், உப்புத்தண்ணி ஊறின இடத்துலயும் ஈரக் களியிலயும் அலை உள்ள போகாமலே அடங்கிடும். மண்ணுக்குள்ள கரண்ட் விட்டுப் பார்க்கிற முறையும் இருக்கு, கல் அத்திவாரம் தேட அது உதவும்.

மூதூர்ப் பொடியன்:
வெளியில சொன்னா காணியை எடுத்திடுவாங்களோ எண்டு மாமா பயப்படுறார். நாங்களே ஒரு முழம் தோண்டிப் பார்க்கவா?

கொட்டியாரக் கரை:
வேண்டாம் தம்பி. சொந்தக் காணியெண்டாலும் லைசென்ஸ் இல்லாம பழம்பொருள் தேடித் தோண்ட 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் விடாது. மாமாட பயம் எனக்கு விளங்குது, இந்த மாவட்டத்துல காணி எண்டாலே அந்தப் பயம் இருக்கும், அதால காணி உறுதியைக் கையில வைச்சுக்கொண்டு பல்கலைக்கழகத்துல தொல்லியல் படிப்பிக்கிற ஆக்களோட முதல்ல கதையுங்க. அதுக்கு முன்னம் ஓடு வாற இடத்தைப் போட்டோ எடுத்து, நாலு மூலைக்கும் மரக்கட்டை அடியுங்க, இரும்புக் கம்பி வேண்டாம். பெக்கோவை நிப்பாட்டுங்க, ஒரு நாள் போதும் அதுக்கு எல்லாத்தையும் புரட்டிப்போட.

மூதூர்ப் பொடியன்:
மாமாட்டக் கதைச்சிட்டன். ஓடு வாற மூலையை மட்டும் விட்டு வைக்கிறாராம். நாளைக்குக் காலமை பூவரசங் கட்டை வெட்டிக்கொண்டு போறன்.