குழுவில் ஐந்து பேர், வாளி தூக்குவது நான் மட்டும்: விலகிவிடலாமா?

தொண்டிக்காரி:
அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். முதுகலை படிக்க வந்து ஏழு வாரம் ஆகிறது. வளாகத்தில் வீணாவதைக் குறைக்கும் திட்டம் ஒன்றில் வியட்நாம், நைஜீரியா, பிரேசில் மாணவர்களோடும் உள்ளூர் மாணவர் ஒருவரோடும் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். விடுதி உணவகத்தில் இரவு வேளையில் தட்டுகளில் மிஞ்சுவதை நிறுத்துக் கணக்கெடுப்பது என்று முடிவாயிற்று. மூன்று இரவும் வாளியோடு நின்றவள் நான் ஒருத்திதான். மொத்தம் 94 கிலோ வந்தது. நாளை மறுநாள் நிர்வாகத்தினர் முன் பேச வேண்டிய நிலையில், உள்ளூர் மாணவர் என் கணக்கைத் தன் பெயர் போட்டுச் சுவரொட்டியாக்கிவிட்டார். குழுவிலிருந்து விலகினால் விசாவுக்குச் சிக்கல் வருமா? அப்பா விசைப்படகில் இருந்த பங்கை விற்றுப் பணம் அனுப்பியிருக்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.

ஏர்வாடியான், ஜெர்மனி:
தங்கச்சி, விலக வேண்டாம், தலைப்பை மாற்றச் சொல்லுங்கள். மிச்சச் சோற்றை விடப் புட்டிதான் கைமேல் பலன் தரும். இங்கே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியைக் கடை இயந்திரத்தில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். முதல் குளிர்காலத்தில் எனக்குப் பகுதிநேர வேலை அமையாதபோது, விடுதி விருந்து முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மாடி மாடியாக ஏறிப் புட்டி பொறுக்கி, அந்தக் காசில்தான் அரிசி வாங்கினேன். அந்தப் பையனைக் கூட்டத்திலேயே, எல்லார் முன்னிலையிலும், கேட்டுவிடுங்கள். முகத்துக்கு நேரே பேசுவதைத்தான் இவர்கள் மதிப்பார்கள்.

கீழக்கரைக் காக்கா, பர்மிங்காம்:
தம்பி சொல்வதுபோல் சபையில் கேட்டால் குழு அன்றோடு உடைந்துவிடும். தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதும்மா, போதும். என்னைக் கேட்டால் சோறும் புட்டியும் சின்ன விஷயம். வளாகத்தின் பெரிய செலவு கட்டடத்தைச் சூடாக்குவதில் இருக்கிறது. நான் இருந்த விடுதியில் வெப்பக் குழாயை அணைக்க வழியில்லாமல், நடுங்கும் குளிரில் சன்னலைத் திறந்துவைத்துப் படித்தோம். அந்த மாதத்தில்தான் ஒருநாள் ஆசைப்பட்டு நெத்திலிக் கருவாடு வறுத்தேன். புகை மணி அலறி, நான்கு மாடிப் பிள்ளைகளும் போர்வையோடு தெருவில் நின்றார்கள். அதற்குப் பிறகு எந்தக் குழுவிலும் என்னைச் சேர்த்துக்கொள்ள ஆளில்லை.

மண்டபத்து மருமகள், மெல்போர்ன்:
எங்கள் விடுதியில் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று விதி. காசு போட்டு உலர்த்தும் இயந்திரத்தில்தான் போட வேண்டும். அதே விடுதி அலுவலகம் மின்சாரத்தைச் சேமியுங்கள் என்று வாரம் ஒரு மடல் அனுப்பும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் இருக்கும் மாவட்டத்துக்காரிக்கு, வெயிலில் கொடி கட்ட உரிமையில்லை.

ஏர்வாடியான்:
எனக்கும் துணிக்காக எச்சரிக்கைக் கடிதம் வந்ததுண்டு, அக்கா.

பாம்பனுக்குத் திரும்பியவன்:
துணி காயட்டும், அந்தப் பிள்ளைக்கு ஒன்றரை நாள்தான் இருக்கிறது. தங்கை, எந்த நாடு என்றே நீங்கள் எழுதவில்லை. இந்த வேலை மதிப்பெண்ணுக்கா, சம்பளத்துக்கா? மதிப்பெண்ணுக்கு என்றால், விலகும் முன் பாடப் பொறுப்பாளரைக் கேளுங்கள். சம்பளம் என்றால் வேலை நேர வரம்பில் சேரும்: பிரிட்டனில் பட்டப் படிப்பு மாணவருக்குப் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48 மணி.

அதைவிட முக்கியம், அந்த 94 கிலோவில் வாளியின் எடையைக் கழித்தீர்களா? நம் ஏலக்கரையில் மீனைக் கூடையோடு நிறுத்துவிட்டுக் கூடைக்குக் கழிக்காமல் காசு கேட்டால் யாபாரி விடுவாரா? எலும்பு, பழத்தோல் போன்ற தின்ன முடியாதவற்றையும் அடுத்த முறை தனி வாளியில் போடுங்கள். எத்தனை தட்டுக்கு இவ்வளவு என்று சொல்லாத கிலோவை வைத்துக்கொண்டு நிர்வாகத்தால் ஒன்றும் செய்ய முடியாது. இங்கிலாந்து என்றால் இன்னொரு வழியும் உண்டு: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் 2025 மார்ச் 31 முதல் உணவுக் கழிவைத் தனியே பிரித்துக் கொடுத்தாக வேண்டும், ஆகவே கழிவை எடுத்துச் செல்பவரின் எடைச் சீட்டு இருக்கிறதா என்று உணவகப் பொறுப்பாளரிடம் கேட்டு, உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். சுவரொட்டியைப் பற்றிப் பையனிடம் இன்றே, மற்ற மூவருக்கும் படி வைத்து, "நிறுத்தவர் என்று என் பெயரைச் சேர்க்கவும்" என்று ஒரே வரியில் எழுதுங்கள். கோபம் அதில் தெரிய வேண்டாம்.

தொண்டிக்காரி:
நாடு இங்கிலாந்துதான், மதிப்பெண்ணுக்குத்தான். பதற்றத்தில் விட்டுவிட்டேன், மன்னியுங்கள். மூடியோடு தகர வாளி ஒன்றரைக் கிலோ. 22 முறை நிறுத்தேன், ஒரு முறையும் கழிக்கவில்லை. ஆக 33 கிலோ வாளிதான். மிச்சம் 61 கிலோ. உணவகக் கல்லாக் கணக்கில் மூன்று இரவுக்கும் சேர்த்து 740 தட்டு, அதாவது தட்டுக்கு ஏறத்தாழ 82 கிராம். வெட்கமான இன்னொரு விஷயம்: நைஜீரியத் தோழி முதல் வாரமே முறைப்பட்டியல் போட்டு வேறொரு செயலியில் அனுப்பியிருக்கிறாள், நான் அதைத் திறக்கவே இல்லை, அதன்படி முதல் மூன்று இரவு என்னுடையது, நாளை முதல் அவர்கள் முறை. ஆனாலும் சுவரொட்டியில் என் பெயர் இல்லாதது இல்லாததுதான். அந்த ஒரு வரியை இப்போதே அனுப்புகிறேன்.

பாம்பனுக்குத் திரும்பியவன்:
அதே மடலில் 94 என்பதை 61 என்று திருத்தச் சொல்லுங்கள். நாளை நிற்பவரிடம் வாளியின் எடையையும் சொல்லிக் கொடுங்கள்.