ஹோஸ்டிங் மாற்றி 3 நாள்: மொபைலில் பழைய தளம், மெயிலும் வரவில்லை

கேள்வி:
என் தளத்தைப் புதிய ஹோஸ்டிங்குக்கு மாற்றி 3 நாளாகிறது. நேம்சர்வரை (டொமைனின் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் சர்வர்) தொடவில்லை. தளத்தின் பெயர் எந்த ஐபிக்குப் போகணும் என்று சொல்லும் ஏ ரெக்கார்டில் மட்டும் புதிய ஐபி எண்ணைப் போட்டேன், டிடிஎல் (பழைய விவரத்தை நெட்வொர்க்குகள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 14400. வைஃபையில் கம்ப்யூட்டரில் பார்த்தால் புதிய தளம். மொபைல் டேட்டாவில் இன்னும் பழையதுதான். மெயில் கணக்குகளைப் பழைய ஹோஸ்டிங்கிலேயே விட்டிருக்கிறேன். யார் அனுப்பினாலும் 550 என்ற பிழை எண்ணோடு அவர்களுக்கே திரும்பிவிடுகிறது. 48 மணி நேரம் பொறுக்கச் சொன்னார்கள், அதுவும் தாண்டிவிட்டது. இன்னும் காத்திருக்கணுமா?

பதில் 1:
காத்திருந்து பயனில்லை. டிடிஎல் வினாடிக் கணக்கு. 14400 என்றால் 4 மணி நேரம்தான். அந்த 48 மணி நேரம் நேம்சர்வரையே மாற்றுகிறவர்களுக்கான கணக்கு (டாட் காமில் நேம்சர்வர் விவரத்துக்கு டிடிஎல் 172800).

டிஎன்எஸ் பக்கத்தில் (ஏ ரெக்கார்டை மாற்றிய அதே இடம்) ஏஏஏஏ என்று தனி ரெக்கார்டு இருக்கிறதா பாருங்கள். அது ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி முகவரிக்கு உரியது. மொபைல் நெட்வொர்க்குகள் பலவும் ஐபிவி6 வழியாகவே போகும். உங்கள் வைஃபை பழைய வகையான ஐபிவி4-இல் இருக்கக்கூடும். ஏ மாறி, ஏஏஏஏ பழைய சர்வரையே காட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும். புதிய ஹோஸ்டிங் ஐபிவி6 எண் தந்திருந்தால் அதைப் போடுங்கள், தராவிட்டால் ரெக்கார்டை அழித்துவிடுங்கள். டபிள்யூ டபிள்யூ டபிள்யூவுக்குத் தனி ரெக்கார்டு இருந்தால் அதையும் பாருங்கள்.

பதில் 2:
மெயில் சிக்கல் வேறு. உங்கள் எம்எக்ஸ் ரெக்கார்டு (மெயில் எந்த சர்வருக்குப் போகணும் என்று சொல்வது) வெறும் டொமைன் பெயரையே காட்டுகிறது என்று நினைக்கிறேன்; பல ஹோஸ்டிங்குகளில் அப்படித்தான் அமைந்திருக்கும். ஏ ரெக்கார்டு மாறியதும் மெயிலும் புதிய சர்வருக்குப் போய்விட்டது. அங்கே அஞ்சல்பெட்டி இல்லாததால் 550.

‘மெயில்’ என்ற துணைப்பெயருக்கு ஓர் ஏ ரெக்கார்டு உருவாக்கிப் பழைய ஐபியைக் கொடுங்கள். ஏற்கெனவே அந்தப் பெயர் சிநேம் (ஐபிக்குப் பதில் இன்னொரு பெயரைக் காட்டும் ரெக்கார்டு) ஆக இருந்தால் முதலில் அதை நீக்கணும். எம்எக்ஸ் சிநேமைக் காட்டக் கூடாது. பிறகு எம்எக்ஸை அந்தப் பெயருக்கு மாற்றுங்கள். எம்எக்ஸில் நேரடியாக ஐபி எண் போட முடியாது.

ஒன்றை மறக்காதீர்கள்: 550 நிரந்தர மறுப்பு. சர்வர் பதிலே தராமல் இருந்திருந்தால் அனுப்பியவர் பக்கம் சில நாள் மறுபடி மறுபடி முயலும். 550-க்கு அது நடக்காது. திரும்பிப் போனவற்றை அனுப்பியவர்களே மீண்டும் அனுப்பணும்.

பதில் 3:
இந்த 3 நாளில் மொபைலில் வந்தவர்கள் போட்ட கமெண்ட், ஆர்டர் எல்லாம் பழைய டேட்டாபேஸில் கிடக்கும். பழையதை முழுசாக எடுத்துப் புதியதன் மேல் ஏற்றிவிடாதீர்கள், புதிய பக்கத்தில் சேர்ந்தவை அழிந்துவிடும். இரண்டு பக்கமும் ஒரே வரிசை எண்ணில் தொடர்ந்திருப்பதால் எண்களும் மோதும். தேதி பார்த்து, விடுபட்டதை மட்டும் சேருங்கள்.

கேட்டவர்:
ஏஏஏஏ இருந்தது, அழித்தேன். மொபைலில் புதிய தளம் வந்துவிட்டது. வெளியிலிருந்து மெயிலும் வருகிறது. தளத்தின் தொடர்புப் படிவத்திலிருந்து மட்டும் வரவில்லை.

பதில் 2:
புதிய சர்வர் உங்கள் டொமைனின் மெயில் தன்னிடமே இருக்கிறது என்று நம்பி, படிவ மெயிலை வெளியே விடவில்லை. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம் சிபேனல் என்றால் ஈமெயில் ரவுட்டிங்கில் ‘ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்’ தேர்ந்தெடுங்கள். எஸ்பிஎஃப் வரியில் (உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் ரெக்கார்டு) புதிய ஐபியையும் சேருங்கள், இல்லாவிட்டால் ஸ்பேமில் விழலாம். இருக்கிற வரிக்குள்ளேயே சேர்க்கணும். ஒரு டொமைனுக்கு இரண்டு எஸ்பிஎஃப் இருந்தால் சோதனையே பிழையாகிவிடும்.